மேப்பிளின் நிழலும் வேலியோரத்து மஞ்சள் பூவும்

1

நிழலுக்கு ஒரு மரம் வைக்கப் போகிறேன் என்று இந்த ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். வருஷத்தில் பாதி நாள் சூரியன் முகம் காட்டாத ஊர். காட்டுகிற நாளில் வீட்டுக்கு வீடு வாசலில் நாற்காலியைப் போட்டு வெயிலில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களிடம் போய் நிழலின் அருமையை எப்படிச் சொல்வது? சித்திரை மாதத்து மத்தியானத்தில் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கழுகுமலை ரோடு வரைக்கும் ஒரு தடவை நடந்தவனுக்குத்தான் அது தெரியும்.

போன வாரம் ஒருவர் போன் செய்தார். கோவில்பட்டிக்காரர். கனடாவுக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகிறது, இப்போதுதான் சொந்தமாக வீடு வாங்கியிருக்கிறார்.

"அண்ணாச்சி, வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் எடம் கெடக்கு. நெழலுக்கு ஒரு மரம் வைக்கணும்னு நான் சொல்லுதேன். பூச்செடி போடணும்னு வீட்ல சொல்லுதா. எது நல்லதுன்னு நீங்க சொல்லுங்க."

"ரெண்டும் நல்லதுதான். ஆனா பக்கத்துல பக்கத்துல வச்சிராதீய" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு போனை வைத்தார். வெங்காயம் நறுக்கிக் கொண்டிருந்த என் மனைவி கோமதி தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நறுக்குவதைத் தொடர்ந்தாள். அந்த இரண்டு வரிப் பதிலுக்குப் பின்னால் இருப்பது அவளுக்குத் தெரியும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

நான் இங்கே வந்தது எழுபத்து நான்கில். பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் படம் வரைகிற வேலை. அப்போது எங்கள் மகளுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. ஆவுடையம்மாள் என்று என் அம்மாவின் பெயரை வைத்திருந்தோம். கூப்பிடுவது ஆவுடை.

மூன்று வருஷம் கழித்து கோமதிக்கும் பிள்ளைக்கும் விசா கேட்டு எழுதினேன். மெட்ராஸில் மருத்துவப் பரிசோதனை. பிள்ளையின் மார்பு எக்ஸ்ரேயில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. பிரைமரி காம்ப்ளெக்ஸ், குழந்தைகளுக்கு வரும் காசநோயின் ஆரம்பம் என்றார்கள். மருந்து கொடுத்தால் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் படம் சுத்தமாகும் வரை விசா கிடையாது. கோமதிக்குக் கிடைத்த விசாவையோ அப்படியே வைத்திருக்க முடியாது. கெடுவுக்குள் புறப்படாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

கோமதியின் அக்கா செண்பகம்தான் முடிவு சொன்னவர். எனக்கு மதினி. அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. சங்கரன்கோவிலில் வீட்டை ஒட்டி நாலு விசைத்தறி போட்டிருந்தார்கள். கரிவலம்வந்தநல்லூரில் கொஞ்சம் வயல்.

"நீ கெளம்புட்டி. ஆறு மாசம்தானே? புள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்றாராம்.

ஆறு மாதம் நான்கு வருஷத்துக்கு மேல் ஆகிப் போனது. மருந்து முடிந்து படம் சுத்தமானது. ஆனால் அதற்குள் பழைய விண்ணப்பம் காலாவதி. புதிய விண்ணப்பம் டில்லிக்குப் போனது. டில்லியில் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் புகைப்படத்தின் பின்னால் எழுதிய பெயரும் ஒரு எழுத்து வித்தியாசப்படுகிறது என்றார்கள். அதைத் திருத்தி அனுப்பினால், இத்தனை நாளில் பிள்ளை வளர்ந்துவிட்டதால் புதிய எக்ஸ்ரே வேண்டும் என்றார்கள். கோமதி இங்கே ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். குழந்தைகள் வார்டிலிருந்து வரும் சின்னச் சின்னச் சட்டைகளை மட்டும் மடிக்காமல் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிடுவாள் என்று அந்தப் பெண்ணே பின்னால் எனக்குச் சொன்னாள்.

மதினி எழுதுகிற கடிதங்களில் எப்போதும் ஒரு வரி இருக்கும். வீட்டு முன்னால் நிற்கிற புங்கமரத்தடியை விட்டு பிள்ளை அகலமாட்டேன் என்கிறது. அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் வீட்டுப்பாடம், மத்தியானம் சாக்கை விரித்துத் தூக்கம்.

அந்த வரியைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். எண்பதில் இந்த வீட்டை வாங்கினோம். டொரண்டோவிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம். பின்னால் நீளமாக ஒரு புல்தரை, கடைசியில் மரவேலி. மகள் வரும்போது அவளுக்கு ஒரு மரத்தடி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். புங்கத்துக்கு இங்கே எங்கே போவது? நர்சரியில் விசாரித்தேன். நிழலுக்கென்றால் மேப்பிள்தான் என்றார்கள். என் உயரத்துக்கு ஒரு கன்று வாங்கிவந்து வேலிக்கு முன்னால், நல்ல வெளிச்சம் படுகிற இடத்தில் நட்டேன்.

பக்கத்து வீட்டு வால்ட்டர் மண்வெட்டி கொடுத்து உதவினார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை.

"நிழல் எதுக்கு உனக்கு? இருக்கிற வெயிலே போதவில்லை" என்று கேட்டார்.

"எனக்கு இல்லை, என் மகளுக்கு" என்றேன்.

அவர் குழியை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டிக் கொடுத்தார்.

3

எண்பத்தொன்றில் விசா வந்தது. கூட்டிவர நான் போனேன். கோமதிக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக் கொண்டோம். அக்காவின் முகத்தைப் பார்த்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ளும் தைரியம் தனக்கு இல்லை என்று விமான நிலையத்தில் வைத்துத்தான் சொன்னாள்.

சங்கரன்கோவிலில் வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனால், புங்கமரத்துக்குப் பின்னால் ஒரு பாவாடை நுனி தெரிந்தது. தறிச் சத்தத்தை மீறி மதினி கத்தினார்.

"ஏட்டி ஆவுடை, யாரு வந்துருக்கான்னு பாரு!"

எட்டு வயதுப் பெண் வெளியே வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வாங்க சித்தப்பா" என்றாள்.

அவளுக்கு மதினிதான் அம்மா. மதினியின் கணவர்தான் அப்பா. அப்படியானால் கனடாவில் இருக்கிற தங்கையும் அவள் புருஷனும் சித்தியும் சித்தப்பாவும்தானே? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளே கணக்குப் போட்டுக் கொண்டாள். மதினிக்கு முகம் சுருங்கிப் போனது.

"எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன் தம்பி. கேக்க மாட்டேங்கா."

"இருக்கட்டும் மதினி" என்றேன்.

புறப்படும் அன்று மதினி ஸ்டேஷனுக்கு வரவில்லை. மதினியின் கணவர் அண்ணாச்சிதான் பெட்டியைத் தூக்கி வந்தார். மதினி வாசலிலேயே நின்று பிள்ளையின் ஜடையை அவிழ்த்து மறுபடி பின்னிவிட்டார். பின்னி முடித்ததும் மறுபடி அவிழ்த்தார். மூன்றாவது முறை அண்ணாச்சி, "வண்டி போயிரும் செண்பகம்" என்றார். மதினி கையை எடுத்தார்.

ரயிலில் ராஜபாளையம் தாண்டும் வரை பிள்ளை தன் ஜடை நுனியையே பிடித்துக் கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சித்தப்பா, நான் எத்தன நாள்ல திரும்பி வருவேன்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பி, மலை தெரிகிறது பார் என்றேன்.

4

செப்டம்பர் கடைசியில் வந்து சேர்ந்தோம். கோமதி வாசலிலேயே நின்றாள். ஓடிவந்து அள்ளிக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன். கிட்டத்தில் வந்து, பிள்ளையின் கன்னத்தைத் தொடலாமா என்று கேட்பதுபோல் கையை நீட்டினாள்.

"நல்லாருக்கீங்களா சித்தி?" என்று ஆவுடை கேட்டாள்.

"நல்லாருக்கேன் மக்கா. வா, உள்ள வா" என்றாள் கோமதி. குரல் நடுங்கவில்லை. அன்றைக்கு அவள் காட்டிய கட்டுப்பாட்டை நான் எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். என் மரத்தைக் காட்ட வேண்டுமே. மேப்பிள் செக்கச்செவேல் என்று நின்றது. காற்று அடித்தால் இலை கொட்டியது. இந்த ஊர்க்காரர்கள் இந்தச் சிவப்பைப் பார்க்க மைல் கணக்கில் கார் ஓட்டிப் போவார்கள்.

"உனக்குன்னு வச்சது. வளந்து பெருசானா புங்கமரம் மாதிரி நெழல் தரும்" என்றேன்.

அவள் ஒரு கிளையைப் பிடித்துப் பார்த்தாள். கையோடு இரண்டு இலை வந்தது.

"இது செத்துக்கிட்டிருக்கு சித்தப்பா. தண்ணி ஊத்தலியா?"

"சாகல மக்கா. இங்கன குளுருக்கு எல எல்லாம் உதுந்துரும். ஆறு மாசத்துல திரும்ப வந்துரும்."

"ஆறு மாசத்துல வந்துரும்னுதான் எல்லாத்தையும் சொல்லுவீய" என்றாள் பிள்ளை.

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். அதற்குள் அவள் வேலியைப் பார்த்துவிட்டாள்.

வேலியோரத்தில் புல்வெட்டும் இயந்திரம் எட்டாத இடத்தில், இடுப்பு உயரத்துக்கு ஏதோ காட்டுச்செடி மண்டிக் கிடந்தது. கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ. கோல்டன்ராட் என்று பெயர். இங்கே ரயில் பாதை ஓரங்களிலும் தரிசு நிலங்களிலும் தானாக முளைப்பது. வெட்ட வேண்டும் வெட்ட வேண்டும் என்று நான் தள்ளிப்போட்டு வந்தது.

"ஏ, ஆவாரம்பூ!"

அந்த வீட்டுக்கு வந்து அவள் உரக்கச் சொன்ன முதல் வார்த்தை. ஓடிப்போய் இரண்டு கையாலும் அள்ளினாள். கரிவலத்து வயலுக்கு மதினி பஸ்ஸில் கூட்டிப் போகும்போதெல்லாம், இறங்குகிற இடத்தில் ஆவாரம்பூ பறிப்பது அவள் வழக்கமாம்.

"அது ஆவாரம்பூ இல்ல..." என்று நான் ஆரம்பித்தேன். பின்னால் வந்து நின்ற கோமதி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஆமா மக்கா, ஆவாரம்பூதான். இங்கன குளுருல்லா, அதான் மொகம் மாறிப் போச்சு."

பிள்ளை பூவை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு கோமதியைப் பார்த்துச் சிரித்தாள். நான் விலை கொடுத்து வாங்கி, ஒரு வருஷம் தண்ணீர் ஊற்றி, பனிக்குச் சாக்குச் சுற்றிக் காப்பாற்றிய மரம் இரண்டடி தள்ளி இலை உதிர்த்துக் கொண்டிருந்தது.

5

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். நான் வேலைக்குப் போயிருந்தபோது நகராட்சியிலிருந்து ஒரு ஆள் வந்திருக்கிறார். கோமதி கதவைத் திறந்தாள். அவர் கொல்லையைக் காட்டி, "வீட்ஸ், வீட்ஸ்" என்றாராம். களை. கோமதியின் காதில் அது கோதுமை என்று விழுந்திருக்கிறது.

"நோ வீட் சார். வீ ஈட் ஒன்லி ரைஸ்" என்று சொல்லி, அவர் நம்ப வேண்டுமே என்று அரிசி மூட்டையையும் காட்டியிருக்கிறாள்.

அந்த மனிதர் நல்லவர்போல. சிரிக்காமல் ஒரு மஞ்சள் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் வளர்ந்த களையைப் பத்து நாளில் வெட்ட வேண்டும். தெருவில் யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். அந்தப் பூவால்தான் தும்மல் வருகிறது என்று ஒரு நம்பிக்கை இங்கே உண்டு.

"நாளைக்கு வெட்டிருதேன்" என்றேன்.

"வெட்டக் கூடாது" என்றாள் கோமதி.

"சட்டம் கோமதி. வெட்டலைன்னா அவங்களே வந்து வெட்டிட்டு நம்மகிட்ட பணம் கேப்பாங்க."

"அந்தப் புள்ளைக்கு இந்த ஊர்ல தெரிஞ்ச முகம் அது ஒண்ணுதான். பள்ளிக்கூடத்துல அவ பேரையே மாத்திட்டாங்க."

அது உண்மை. வகுப்பு ஆசிரியைக்கு ஆவுடை என்று வரவில்லை. நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு ஆட்ரி என்று வைத்துவிட்டார்கள். பிள்ளை தலையாட்டிவிட்டு வந்திருந்தாள். இன்றைக்கும் போனில் யாராவது ஆட்ரி இருக்கிறாளா என்று கேட்டால், ராங் நம்பர் என்று சொல்ல என் வாய் துடிக்கும்.

மறுநாள் கோமதி தனியாகவே நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். பூவில் ஒரு கொத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு. அவளுடைய ஆங்கிலம் துணி வெளுக்கும் இடத்தில் கற்றது. சூடு, பாரம், அவசரம், கறை, இவ்வளவுதான் தெரியும். ஆனால் கவுன்டரில் இருந்த பெண் இவளை உட்கார வைத்து, ஒரு தாளை எடுத்துச் செடிகள்போல் வரைந்து, சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

சாயங்காலம் நான் வந்ததும் வராததுமாகக் கோமதி சொன்னாள்.

"சுத்திக் கல்லு வச்சு கட்டிட்டா அது தோட்டமாம். கட்டாம கெடந்தா களையாம். வேற ஒண்ணுமில்லையாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நம்ம புள்ள பேப்பருக்கும் இப்படி உக்கார வச்சு ஒருத்தி சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

6

வால்ட்டர் வீட்டில் பழைய புகைபோக்கியை இடித்த செங்கல் கிடந்தது. எடுத்துக்கொள் என்றார். சனிக்கிழமை நான் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்ட, கோமதியும் ஆவுடையும் வேலியோரத்தில் வரிசையாக வைத்தார்கள். குளிரில் இருவர் மூக்கும் சிவந்திருந்தது. கோமதி குழி பறிப்பாள். பிள்ளை கல்லை வைத்துக் காலால் மிதிப்பாள். வளைவு கோணினால் எடுத்துவிட்டு மறுபடி வைப்பார்கள்.

பாதி முடிந்திருக்கும். பிள்ளை கல்லைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"சித்தி, நான் எப்போ ஊருக்குப் போவேன்?"

நான் வண்டியோடு நின்றுவிட்டேன். ரயிலில் நான் மலையைக் காட்டித் தப்பித்த அதே கேள்வி.

கோமதி மண்ணைத் தட்டிவிட்டு அவளுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"நாலு வருசம் இரு மக்கா. பிறகு எல்லாரும் ஊருக்குப் போவோம். அங்கன போனப்புறம் அம்மாகூடவே இருக்கணும்னு ஒனக்குத் தோணிச்சின்னா, நான் இங்கன கூப்பிட மாட்டேன். அங்கனயே விட்டுட்டு வாரேன்."

"நெசமாவா?"

"நெசமா."

அம்மா என்று அவள் சொன்னது தன் அக்காவை. பிள்ளையின் வார்த்தையையே எடுத்துக் கொண்டாள். பிள்ளை தலையாட்டிவிட்டுக் கல்லை வைத்தாள்.

அன்று இரவு நான் சண்டை போட்டேன். "பெத்த புள்ளைய விட்டுட்டு வாரேன்னு எப்படிச் சொன்ன?"

"வேற எதச் சொன்னாலும் அவ நம்பமாட்டா" என்றாள் கோமதி. "எனக்கு அவ நம்பணும். மத்ததெல்லாம் பொறவு."

7

பனி விழுந்து எல்லாம் மூடியது. மஞ்சள் பூவும் கருகித் தரையோடு தரையாகப் போனது. ஏப்ரலில் ஒரு நாள் பிள்ளை மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தாள்.

"சித்தப்பா, மரம் சாவல! மொட்டு விட்டிருக்கு!"

அவளுக்குத் தெரியாமல் முகத்தைத் துடைத்துக் கொண்டேன். அடுத்த சில வாரங்களில் செங்கல் வளைவுக்குள் காட்டுச்செடியும் முளைத்து எழுந்தது. போன வருஷத்தைவிட இரண்டு பங்கு.

கோடையில் வால்ட்டர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். "ஒன்று சொல்லட்டுமா? இரண்டும் ஒன்றாக இருக்காது. மேப்பிளின் வேர் மேலாகப் பரவும். நிழல் அடர்த்தி. இன்னும் ஐந்தாறு வருஷத்தில் அதன் கீழே புல்கூட வராது. இந்தப் பூவுக்கோ முழு வெயில் வேண்டும். எது வேண்டும் என்று இப்போதே முடிவு செய்துகொள்."

இதுதான் நான் கோவில்பட்டிக்காரருக்குச் சொன்ன பதிலின் மூலம்.

பல நாள் இரண்டையும் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன். மரத்தின் பக்கம் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒரு முறை வைத்தால் நமக்குப் பிறகும் நிற்கும். பறவை வரும். ஜூலை வெயிலில் வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கும். ஒருவன் மரம் வைக்கிறான் என்றால் இங்கே இருக்கப் போகிறேன் என்று சொல்கிறான். காட்டுப்பூவின் பக்கம் என்ன இருக்கிறது? வருஷத்தில் ஒன்றரை மாதம் பூக்கும். அப்புறம் குச்சி. யாரும் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. ஆனால் உடம்புக்கு முடியாத நாளில்கூட மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போய் நிற்பது அதன் பக்கத்தில். தேனீக்கள் மொய்ப்பதை மணிக்கணக்கில் பார்ப்பாள். எந்தத் தேனீ இன்று வரவில்லை என்று கோமதியிடம் வந்து சொல்வாள். கோமதியும் மாவு பிசைந்த கையோடு போய்ப் பார்ப்பாள். அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள ஆரம்பித்தது அங்கேதான்.

மரத்தை அவளுக்காக வைத்தேன் என்று சொல்லிக் கொண்டிருந்தேன். அவள் இல்லாத வீட்டில் நான் செய்வதற்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அவ்வளவுதான். அவள் வந்துவிட்டாள். அவளுக்குப் பிடித்தது வேறாக இருந்தது.

இலை உதிர்ந்ததும் மரத்தைத் தோண்டி எடுத்து வீட்டு முன்பக்கம் நடுவது என்று முடிவு செய்தேன். வால்ட்டரும் நானும் ஒரு பகல் முழுதும் தோண்டினோம். வேரைச் சுற்றி மண் உருண்டை உடையாமல் சாக்கில் கட்டினோம். ஆவுடை கயிற்றைப் பிடித்துக் கொண்டிருந்தாள்.

"புடுங்கி வேற எடத்துல வச்சா பொழைக்குமா சித்தப்பா?"

பிழைத்துவிடும் என்று வாய்வரை வந்தது.

"தெரியல மக்கா. பொழைக்கணும். தண்ணி ஊத்திப் பாப்போம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நானும் ஊத்துதேன்" என்றாள். அதற்குப் பிறகு எதையும் என்னிடம் நேராகக் கேட்க அவள் தயங்கியதில்லை.

முன்பக்கத்தில் மரம் ஒரு வருஷம் சோர்ந்து நின்றது. மேல்கிளை ஒன்று காய்ந்து போனது. அடுத்த வருஷம் தெளிந்துவிட்டது.

8

நாலு வருஷம் ஆயிற்று. போன வருஷம் கோடை விடுமுறையில் மூவரும் ஊருக்குப் போனோம். பிள்ளையின் பெட்டியில் துணி அடுக்கும்போது, கோமதி குளிர்காலச் சட்டைகளையும் எடுத்து வைத்தாள். பிறகு வெளியே எடுத்தாள். "அங்கன எதுக்கு?" என்று தனக்குத் தானே சொல்லிக் கொண்டாள்.

சங்கரன்கோவிலில் மதினி வாசலுக்கு வருமுன் பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். "அம்மா, அம்மா" என்று பன்னிரண்டு வயதுப் பெண் அழுததில் தறி ஓட்டுகிறவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். கோமதி பெட்டிகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டாள்.

அழுகை ஓய்ந்ததும் ஆவுடை திரும்பிப் புங்கமரத்தைப் பார்த்தாள். சுற்றிவந்தாள்.

"இவ்வளவு சின்ன மரமா இது?"

"மரம் வளந்துருக்குட்டி. நீ அதைவிட வளந்துட்ட" என்றார் மதினி.

ஒரு நாள் எல்லோரும் கரிவலத்துக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மதினி ரோட்டோரத்தில் ஒரு கொத்து ஆவாரம்பூவை ஒடித்துப் பிள்ளையிடம் கொடுத்தார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதழை எண்ணினாள்.

"இது வேற பூம்மா. எங்க வீட்டுப் பூ இப்படி இருக்காது. பொடிப்பொடியா, தேனீயா மொய்க்கும்."

எங்க வீட்டுப் பூ. நான் கோமதியைப் பார்த்தேன். அவள் வரப்பைப் பார்த்து நடந்து கொண்டிருந்தாள். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நாலைந்து அடி போனதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். அவளுக்கு மனசு லேசானால் அப்படிச் செய்வாள்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம் கரண்ட் போய் தறிகள் நின்றிருந்த நேரம். கோமதி பிள்ளையை அழைத்து எல்லோர் முன்னிலும் உட்கார வைத்தாள். இப்போது வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் கேட்கவில்லை.

"நாலு வருசம் முந்தி ஒரு வார்த்த சொன்னேன். ஞாவகம் இருக்கா?"

"இருக்கு சித்தி."

"இப்ப சொல்லு. இங்கன இருக்கியா, எங்ககூட வாரியா? எதச் சொன்னாலும் யாரும் ஒன்ன ஒண்ணும் சொல்லமாட்டோம்."

மதினிக்கு இந்த வாக்குறுதி தெரியாது. "என்னட்டி இது, புள்ளகிட்ட போயி..." என்று எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் ஓடிய ஆசையை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி மேல்துண்டால் வாயைப் பொத்திக் கொண்டார்.

"எனக்கு ரெண்டு எடமும் வேணும்" என்றாள் ஆவுடை.

"ரெண்டும் ஒண்ணா கெடைக்காதுல்லா மக்கா" என்றார் மதினி மெதுவாக.

பிள்ளை விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "அப்போ பள்ளிக்கூடம் அங்கன. லீவு இங்கன. ஒவ்வொரு லீவுக்கும் என்னக் கொண்டு விடணும். சரியா சித்தி?"

முதலில் சிரித்தது அண்ணாச்சிதான். சிரிப்பு பாதியில் அழுகையாக மாற, எழுந்து தறி அறைக்குள் போய்விட்டார். மதினி பிள்ளையின் ஜடையைப் பிடித்து இழுத்து மடியில் சாய்த்துக் கொண்டார். "ஒவ்வொரு லீவுக்கும்லாம் வேண்டாம்ட்டி. பிளேன் தாங்காது. ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வந்தா போதும்." பிறகு தங்கையைப் பார்த்தார். "புள்ள எலும்பும் தோலுமா வரும்னு நெனச்சேன். நல்லாத்தான் வளத்துருக்க கோமதி."

கோமதி அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கரண்ட் வந்து தறிகள் ஓட ஆரம்பித்த பிறகும் மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை. அந்தச் சத்தத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

9

டொரண்டோ விமான நிலையம். குடியேற்ற அதிகாரியின் வரிசையில் ஒரு மணி நேரமாக நின்றோம். எங்கள் முறை வந்தது. அதிகாரி இளைஞர். பாஸ்போர்ட்டுகளைப் புரட்டினார். என்னிடம் வேலை, முகவரி கேட்டார். பிறகு குனிந்து பிள்ளையிடம், இவர்கள் இருவரும் உனக்கு யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தூக்கக் கலக்கத்தில் இருந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னாள்.

"மை மாம் அண்ட் டாட்."

அதிகாரி முத்திரை குத்தினார். அவருக்கு அது நாளைக்கு நூறு முறை கேட்கிற பதில். நான் பாஸ்போர்ட்டை எடுக்க மறந்து நின்றேன். பின்னால் நின்றவர் தொட்டு நகரச் சொன்னார்.

பெட்டி வரும் இடத்தில் பிள்ளை தள்ளுவண்டி எடுக்கப் போனாள். கோமதி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கூட்டத்துல காதுல சரியா விழல. அந்த ஆளு என்ன கேட்டான்? இவ என்ன சொன்னா?"

சொன்னேன்.

அவள் பிள்ளை போன பக்கம் திரும்பினாள். தூரத்தில் பிள்ளை ஒரு வண்டியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தாள். இனி வீட்டிலும் தமிழில் அப்படியே கூப்பிடச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லாதீய. எந்தப் பாசையில வருதோ அதுல வரட்டும்."

பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்து எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. எங்கள் பெட்டியும் ஒரு சுற்றுப் போனது. நான் எடுக்கக் குனிந்தபோது கோமதி மறுபடி சட்டையைப் பிடித்தாள்.

"அவ சொன்ன மாதிரியே இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள்.